போஸ்ட்மார்ட்டத்தில் எதுவும் இல்லை: கார்மக் மெக்அனலனும் சாட்ஸ் என்ற பெயரும்

அயர்லாந்தில் ஒருவர் ஃபுட்பால் வீரர் என்றால், எந்த ஃபுட்பால் என்று கேட்டுக்கொள்வது நல்லது. டைரோன் போன்ற கவுண்டிகளில் அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் கேலிக் ஃபுட்பால். பக்கத்துக்கு 15 பேர் ஆடுவார்கள். பந்தைக் கையால் பிடிக்கலாம், குத்தலாம், காலால் உதைக்கலாம். கோல் கம்பம் ஆங்கில 'எச்' எழுத்து மாதிரி நிற்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், 3 புள்ளி. மேலே போனால் 1 புள்ளி (2025 முதல், வெகுதூரத்திலிருந்து உதைத்தால் 2). ஸ்கோரில் 0-12 என்று போட்டிருந்தால் கோல் இல்லை, புள்ளி 12 என்று அர்த்தம். கவுண்டி அணிக்கே ஆடினாலும் சம்பளம் கிடையாது. திங்கட்கிழமை எல்லோரும் வேலைக்குப் போக வேண்டும்.

கார்மக் மெக்அனலன் 1980 பிப்ரவரி 11 அன்று பிறந்தவர். வடக்கு அயர்லாந்தின் டைரோன் கவுண்டியில் எக்லிஷ் கிளப்புக்கு ஆடினார். 1998இல் அவர் தலைமையில் டைரோனின் மைனர் அணி (18 வயதுக்கு உட்பட்டோர்) அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றது. 2000, 2001 இரண்டு ஆண்டும் 21 வயதுக்கு உட்பட்டோர் கோப்பை. 2001இன் சிறந்த இளம் வீரர் விருதும் அவருக்கே. நடுக்கள ஆட்டக்காரரான அவரை 2003 சீசனின் நடுவில் பயிற்சியாளர் மிக்கி ஹார்ட் கடைசித் தடுப்பு வரிசையின் நடுவே, ஃபுல்-பேக் இடத்துக்கு இறக்கினார். பழக்கமில்லாத அந்த இடத்தில் ஆடியே அந்த ஆண்டின் சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல் ஸ்டார் அணியில் இடம் பிடித்தார். 2003 செப்டம்பர் 28 அன்று டப்ளின் குரோக் பார்க்கில் டைரோன் 0-12க்கு 0-9 என்று பக்கத்துக் கவுண்டியான ஆர்மாவைத் தோற்கடித்தது. டைரோனுக்கு அதுவே முதல் சாம் மக்வயர் கோப்பை, அதாவது அகில அயர்லாந்து சீனியர் கோப்பை. மெக்அனலனுக்கு ஆசிரியர் வேலை, அதுவும் ஆர்மாவில். தோற்ற ஊரின் பிள்ளைகளுக்குத்தான் அதன்பிறகு பாடம் எடுக்க வேண்டியிருந்தது.

2004க்கு அவரே கேப்டன். பிப்ரவரியில் அல்ஸ்டர் மாகாண அணிகளின் மெக்கென்னா கோப்பையை வாங்கினார். மார்ச் 2 அதிகாலையில் வீட்டில், படுக்கையில் இறந்துபோனார். வயது 24. புகை கிடையாது, அடிபடவில்லை, முந்தின வாரம்வரை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த உடம்பு. காரணமாகச் சொல்லப்பட்டது நான்கு ஆங்கில எழுத்து: சாட்ஸ் (SADS).

அது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

நோயின் பெயர் அல்ல

சாட்ஸ் என்பதைத் தமிழில் 'திடீர்த் துடிப்புக் கோளாற்று மரணம்' என்று சொல்லலாம். அயர்லாந்தில் 'திடீர் வயதுவந்தோர் மரணம்' என்ற பொருளிலும் அதே எழுத்துகளை விரிப்பார்கள். பலர் இதை ஒரு நோய் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது தேடி முடித்தபின் வைக்கும் பெயர். இளவயதில் ஒருவர் திடீரென இறக்கிறார். போஸ்ட்மார்ட்டத்தில் ரத்தக்குழாய் அடைப்பு இல்லை, இதயத் தசை தடிக்கவில்லை, வால்வு சரி, மூளையில் ரத்தக்கசிவு இல்லை, ரத்தத்தில் விஷமோ போதைப்பொருளோ இல்லை. இத்தனை 'இல்லை'யும் சேர்ந்த பிறகு மிஞ்சுவதுதான் சாட்ஸ்.

இதற்கும் மற்றத் திடீர் மரணங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு ஒப்பீட்டில் பார்க்கலாம். 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில், கொலம்பியாவுக்கு எதிரான கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோ மைதானத்தின் நடுவே விழுந்து இறந்தார். அவருடைய இதயத்தை அறுத்துப் பார்த்தபோது தசை தடித்திருந்தது. கண்ணுக்குத் தெரிகிற காரணம் அது. ஆகவே அது சாட்ஸ் ஆகாது. சாட்ஸில் மருத்துவர் கையில் எடுக்கும் இதயம் பார்ப்பதற்கு நல்ல இதயமாகவே இருக்கும்.

நல்ல இதயம் ஏன் நின்றது? இதயத்தை ஒரு பம்ப்செட் என்று வைத்துக்கொண்டால், பம்பு வேறு, அதை ஓட்டும் கரண்ட் வேறு. மோட்டாரைக் கழற்றிப் பார்த்தால் காயில் சரி, பேரிங் சரி. கோளாறு ஓடிக்கொண்டிருந்தபோது வந்த கரண்டில் இருந்தது, இப்போது கரண்டே இல்லை. இதயத்தின் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் நுண்ணிய வாசல்கள் உண்டு. அவற்றின் வழியாக சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகள் உள்ளே வெளியே போய்வருவதுதான் அந்தக் கரண்ட். ஒரு மரபணுவில் சின்னப் பிழை இருந்தால் ஏதோ ஒரு வாசல் மூடத் தாமதிக்கிறது, அல்லது சரியாகத் திறப்பதில்லை. செல் உயிரோடு இருக்கும்வரைதான் அது தெரியும். மைக்ரோஸ்கோப்பில் வைத்தாலும் தெரியாது.

அந்தக் கரண்ட் தவறும்போது இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் புழுப்போல நெளிய ஆரம்பிக்கின்றன. நெளிகிற தசை ரத்தத்தைத் தள்ளாது. 10 முதல் 15 விநாடிக்குள் நினைவு போய்விடும். இதைத்தான் கார்டியாக் அரெஸ்ட் என்கிறோம். மாரடைப்பு வேறு: அதில் குழாய் அடைத்து வலி வரும், ஆள் பேசுவார், வியர்ப்பார், பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குப் போகும் அவகாசம் இருக்கும். செய்தித்தாள்கள் இரண்டையும் 'மாரடைப்பு' என்றே எழுதிவிடுகின்றன. இந்தக் குழப்பம் உயிரையே எடுக்கும், ஏனென்றால் அங்கே நிற்பவர்கள் செய்ய வேண்டியது முற்றிலும் வேறு.

ஈசிஜி தாளில் எதைப் பார்ப்பது

இந்த வாசல் கோளாறுகளில் அதிகம் தெரிந்தது லாங் க்யூடி. ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்று கணக்கு. ஈசிஜி தாளில் ஒவ்வொரு துடிப்பும் ஒரு சின்ன மேடு, ஒரு கூரான கோபுரம், பிறகு ஒரு வட்ட மேடு என்று வரும். கோபுரம் தொடங்கும் இடத்திலிருந்து வட்ட மேடு முடியும் இடம்வரை க்யூடி இடைவெளி. கீழறை ஒருமுறை சுருங்கி, அடுத்த துடிப்புக்குத் தன்னை மீண்டும் தயார் செய்துகொள்ள எடுக்கும் நேரம் அது. தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது. ஆகவே ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி விநாடி.

நாடி வேகத்துக்கு ஏற்ப இந்த இடைவெளி மாறும். அதனால் நேரடி அளவை அப்படியே நம்பக் கூடாது. இரண்டு துடிப்புக்கு இடைப்பட்ட நேரத்தை விநாடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் க்யூடியை வகுக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நன்றாகப் பயிற்சி பெற்ற ஓர் ஆட்டக்காரரின் நாடி 50. துடிப்புக்குத் துடிப்பு 1.2 விநாடி, அதன் வர்க்கமூலம் 1.095. தாளில் அளந்த க்யூடி 460 மில்லி விநாடி. வகுத்தால் 420, கவலையில்லை. இன்னொருவர் படியேறி வந்து மூச்சு வாங்கப் படுத்துவிட்டார், நாடி 100. இடைவெளி 0.6 விநாடி, வர்க்கமூலம் 0.775. அளந்த க்யூடி 380தான், ஆனால் வகுத்தால் 490. குறைவாகத் தெரிந்ததுதான் சந்தேகத்துக்குரியது.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. வேகமான நாடியில் இந்தச் சூத்திரம் எண்ணைக் கூட்டிக் காட்டும். ஓடிவந்தவரைப் பத்து நிமிடம் படுக்கவைத்து, நாடி 60 முதல் 90க்குள் வந்தபின் எடுத்தால்தான் அந்த 490ஐ நம்பலாமா வேண்டாமா என்று தெரியும். திருத்திய அளவு ஆண்களுக்கு 450க்குள், பெண்களுக்கு 460க்குள் இருப்பது வழக்கம். அதற்குமேல் 480வரை சாம்பல் பகுதி. திரும்பத் திரும்ப எடுத்தும் 480க்கு மேலேயே நின்றால் நோய் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். 500ஐத் தாண்டினால் ஆபத்து கூடுதல். மெஷின் தானாக அச்சடிக்கும் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியடையவோ பயப்படவோ வேண்டாம். வட்ட மேட்டுக்குப் பின்னால் சிலருக்கு வரும் இன்னொரு குட்டி மேட்டையும் சேர்த்து அளந்து மெஷின் தவறு செய்வது சாதாரணம். தெரிந்த டாக்டர் ஸ்கேல் வைத்துக் கையால் அளப்பார்.

ஈசிஜி சுத்தமாக இருந்தால் ஆபத்தே இல்லையா என்றால், இல்லை என்று சொல்ல முடியாது. லாங் க்யூடி மரபணு உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குச் சும்மா இருக்கும்போது எடுத்த ஈசிஜி வழக்கமான அளவிலேயே இருக்கும். சிபிவிடி என்ற இன்னொரு கோளாறு ஓய்வில் சுத்தமாக மறைந்திருந்து, டிரெட்மில்லில் ஓடவிட்டால்தான் வெளிப்படும். புருகாடா என்ற கோளாறு ஒரு நாள் தாளில் தெரியும், இன்னொரு நாள் தெரியாது. காய்ச்சலில் அதிகம் தலைகாட்டும்.

எப்போது தாக்குகிறது என்பதும் எந்த வாசல் கெட்டது என்பதைப் பொறுத்தது. லாங் க்யூடியின் முதல் வகை ஓட்டத்தில், குறிப்பாக நீச்சலில். இரண்டாம் வகைக்குத் திடீர்ச் சத்தம் போதும்: அதிகாலை அலாரம், டெலிபோன் மணி. மூன்றாம் வகையும் புருகாடாவும் பெரும்பாலும் தூக்கத்தில். 'ஆடி ஆடி இதயம் களைத்துவிட்டது' என்று ஊரார் சொல்வது இங்கே பொருந்தாது. படுக்கையில் நடந்த மரணத்துக்கு மைதானத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

நினைவு எங்கே போயிற்று

இளம் வீரர் இறந்தால் சிலை வைப்பதும் கோப்பைக்குப் பெயர் சூட்டுவதும் எல்லா ஊரிலும் நடப்பது. மெக்அனலனுக்கும் நடந்தது. அயர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் இரு நாட்டு ஆட்டங்களையும் கலந்து ஆடும் இன்டர்நேஷனல் ரூல்ஸ் தொடரில் அவர் அயர்லாந்துக்காக ஆடியவர். 2004 முதல் அந்தத் தொடரின் கோப்பை கார்மக் மெக்அனலன் கோப்பை. சிட்னியில் குடியேறிய ஐரிஷ்காரர்களின் ஒரு கேலிக் கிளப்புக்கும் அவர் பெயர்தான்.

ஆனால் அவர் குடும்பத்தார் தொடங்கிய கார்மக் டிரஸ்ட் வேறு வழியில் போனது. கிளப் மைதானங்களில் ஏஇடி என்ற அதிர்ச்சிப் பெட்டியை வைப்பது, அதை எடுத்துப் பயன்படுத்தப் பழக்குவது, இளைஞர்களுக்கு இதயப் பரிசோதனை கிடைக்கச் செய்வது. அயர்லாந்து அரசு அமைத்த பணிக்குழுவும் 2006இல் திடீர் இதய மரணங்கள் பற்றி ஒரு விரிவான அறிக்கை கொடுத்தது. அதன் சாரமும் கிட்டத்தட்ட இதுதான்: அக்கம்பக்கத்தில் இருப்பவருக்குப் பயிற்சி, கைக்கெட்டும் தூரத்தில் பெட்டி, இறந்தவரின் குடும்பத்துக்குச் சோதனை.

மைதானத்தில் வைத்த பெட்டி மெக்அனலனைக் காப்பாற்றியிருக்காது. அவர் வீட்டில் அல்லவா இறந்தார். கார்டியாக் அரெஸ்டுகளில் ஏறத்தாழ பத்தில் ஏழு வீட்டிலேயே நடக்கின்றன. பெட்டி பாதி வேலைதான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, முதலில் அந்தப் பாதியைச் சரியாகப் பார்ப்போம்.

பெட்டியும் கையும்

யாரும் மோதாமல் ஓர் ஆட்டக்காரர் விழுந்தால், வேறு காரணம் தெரியும்வரை அது கார்டியாக் அரெஸ்ட் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தோளைத் தட்டிக் கூப்பிட்டு, மூச்சைப் பாருங்கள், 10 விநாடிக்கு மேல் வேண்டாம். இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள். விழுந்தவர் சில நேரம் கரையில் போட்ட மீன்போல விட்டுவிட்டுக் காற்றை இழுப்பார், குறட்டை மாதிரிச் சத்தம் வரும். அது மூச்சல்ல. முதல் சில விநாடி கைகால் வெட்டி இழுக்கவும் செய்யும். வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவியைத் திணித்துக்கொண்டு நிற்பதில் இரண்டு மூன்று நிமிடம் போய்விடும். சிபிஆர், அதாவது நெஞ்சை அமுக்கும் முதலுதவி, இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும் (அயர்லாந்தில் 112 அல்லது 999, தமிழ்நாட்டில் 108). இன்னொருவர் பெட்டிக்கு ஓடட்டும். மூன்றாமவர் நெஞ்சின் நடுவில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறு கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடக்காமல் அமுக்கத் தொடங்கட்டும். ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அமுக்கலுக்குப் பிறகும் நெஞ்சு முழுக்க மேலே வரவிட வேண்டும். சாய்ந்தபடியே அமுக்கினால் இதயத்தில் ரத்தம் நிரம்பாது. வாயோடு வாய் ஊதப் பழகியவர் 30 அமுக்கலுக்கு 2 ஊதல். பழகாதவர் அமுக்கிக்கொண்டே இருந்தால் போதும். இரண்டு நிமிடத்தில் எப்படிப்பட்ட பலசாலிக்கும் ஆழம் குறைந்துவிடும், ஆளை மாற்றுங்கள். விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்கலாம். கையை எடுத்துவிடாதீர்கள்.

பெட்டி வந்ததும் மூடியைத் திறந்தால் (சிலவற்றில் பொத்தானை அழுத்தினால்) அதுவே பேச ஆரம்பிக்கும். ஜெர்சியை வெட்டிவிட்டு வியர்வையைத் துடையுங்கள். ஈரமான தோலில் பேட் (கரண்ட் செலுத்தும் ஒட்டுப் பட்டை) ஒட்டாது, கரண்ட் தோலின் மேலேயே ஓடிவிடும். சேற்றுத் தண்ணீரில் கிடந்தால் இழுத்துக் காய்ந்த இடத்தில் போடுங்கள். ஒரு பேட் வலது காறை எலும்புக்குக் கீழே. மற்றது இடது அக்குளுக்குக் கீழே, விலாப் பக்கமாக. இந்த இரண்டாவது பேடைத்தான் அவசரத்தில் முன்பக்கமாக, மார்புக் காம்புக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அப்படி ஒட்டினால் கரண்ட் இதயத்தின் குறுக்கே போகாது. பேட் ஒட்டும்போதும் அமுக்குவதை நிறுத்த வேண்டியதில்லை.

'யாரும் தொடாதீர்கள்' என்று பெட்டி சொல்லும்போது மட்டும் கையை எடுங்கள். துடிப்பு எப்படி இருக்கிறது என்று அதுவே படித்து, தேவைப்பட்டால்தான் ஷாக் கொடுக்கும். தேவையில்லாதவருக்கு நீங்கள் விரும்பினாலும் கொடுக்காது. இதனால்தான் பயிற்சி இல்லாதவரும் இதைத் தொடலாம். ஷாக் அடித்த அடுத்த விநாடியே மறுபடி அமுக்குங்கள். நாடி வந்துவிட்டதா என்று கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது பழைய பழக்கம். இரண்டு நிமிடம் கழித்துப் பெட்டி மறுபடி படிக்கும். ஆள் அசைந்தாலோ ஒழுங்காக மூச்சு விட்டாலோ நிறுத்தலாம். பேடைப் பிய்க்க வேண்டாம், திரும்பவும் நின்றுபோகக்கூடும்.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தபோது உடனே சிபிஆர் தொடங்கி ஒரே ஷாக்கில் மீட்டார்கள். அங்கே டாக்டர் அணியே காத்திருந்தது. ஊர் கிளப்பில் செவ்வாய்க்கிழமை ராத்திரிப் பயிற்சியின்போது இருப்பவர்கள் பயிற்சியாளரும் இரண்டு அப்பாக்களும்தான்.

அதனால் பெட்டி கெட்டுப்போகும் விதம் தெரிந்திருக்க வேண்டும். உடை மாற்றும் அறைக்குள் பூட்டிவைத்துச் சாவியைச் செயலாளர் வீட்டுக்குக் கொண்டுபோவது முதல் தவறு. பேடில் உள்ள பசை காய்ந்துவிடும். பெரும்பாலும் இரண்டு ஆண்டு காலாவதி. பேட்டரி நான்கைந்து ஆண்டு. இரண்டுக்கும் தேதி அச்சிட்டிருக்கும், யாரும் பார்ப்பதில்லை. உறைபனியில் வெளிச்சுவரில் மாட்டியிருந்தால் சூடேற்றும் அலமாரி வேண்டும், ஏனென்றால் பல மாடல்கள் 0 டிகிரிக்குக் கீழே வைத்திருக்க ஏற்றவை அல்ல. உள்ளே ஒரு துண்டு, கத்தரிக்கோல், நெஞ்சுமுடி மழிக்க ரேசர் வைத்திருங்கள். ஒரு ஆளின் பெயரைப் போட்டு, மாதம் ஒருமுறை பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால் போதும். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்ற பெட்டியைத்தான் ஒருவரும் பார்ப்பதில்லை.

மற்றப் பாதி: வீட்டார்

இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பெற்றோரிடமிருந்து வரும் ஒரே ஒரு பிழையான பிரதி போதும். ஆகவே இறந்தவரின் உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் அது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. சாட்ஸ் நடந்த குடும்பங்களை முறையாகச் சோதித்தால் ஐந்தில் ஒன்று முதல் பாதிவரையான குடும்பங்களில் பரம்பரைக் காரணம் சிக்குகிறது. இறந்தவரிடம் கிடைக்காத பதில் அண்ணனின் ஈசிஜியில் கிடைக்கும்.

அதற்கான முதல் படி துக்க வீட்டில் யாருக்கும் நினைவுக்கு வராதது. போஸ்ட்மார்ட்டத்தின்போதே 5 முதல் 10 மில்லி ரத்தம், அதை உறையாமல் வைக்கும் ஈடிடிஏ குழாயில் எடுத்துவைக்கச் சொல்ல வேண்டும், அல்லது மண்ணீரலில் ஒரு துண்டை உறையவைக்கச் சொல்ல வேண்டும். ஃபார்மலினில் போட்ட திசுவில் டிஎன்ஏ சிதைந்துவிடும், பிறகு மரபணுச் சோதனைக்கு அது உதவாது. உடல் அடக்கமான பிறகு இதைக் கேட்க முடியாது.

பிறகு பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் எல்லோருக்கும் 12 லீட் ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவி. புருகாடா சந்தேகம் இருந்தால் மருந்து ஏற்றிப் பார்க்கும் சோதனை, அதை ஆஸ்பத்திரியில் மட்டும். டாக்டரிடம் போகும் முன் குடும்பக் கதையை எழுதிக்கொண்டு போங்கள். ஓடும்போது மயங்கியவர் உண்டா? 40 வயதுக்குள் காரணமில்லாமல் இறந்தவர்? நீச்சல் தெரிந்தும் மூழ்கியவர்? மாத்திரைக்கு அடங்காத 'வலிப்பு'? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று வந்தால் அந்த ஆளுக்கு ஈசிஜி எடுத்தார்களா என்று கண்டிப்பாகக் கேளுங்கள்.

லாங் க்யூடி உறுதியானால் பெரும்பாலும் பீட்டா பிளாக்கர் மாத்திரை, புரோப்ரானலால் அல்லது நாடலால். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. ஏற்கெனவே ஒருமுறை நின்று பிழைத்தவருக்குத் தோலுக்கு அடியில் ஐசிடி என்ற குட்டி அதிர்ச்சிக் கருவி பொருத்துவார்கள். சில ஆன்டிபயாடிக், சில வாந்தி மாத்திரை, சில மனநல மருந்துகள் க்யூடியை இன்னும் நீட்டும். அந்தப் பட்டியலை மணிபர்ஸில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புது மருந்துச்சீட்டுக்கும் காட்ட வேண்டும். பேதியும் வாந்தியுமாகப் பொட்டாசியம் இறங்கினாலும் ஆபத்துதான், வீட்டு வைத்தியத்தோடு காத்திருக்கக் கூடாது.

இதாலியில் போட்டியில் ஆடும் ஒவ்வொருவருக்கும் 1982 முதல் ஈசிஜி கட்டாயம். வெனெட்டோ பகுதியில் ஆட்டக்காரர்களின் திடீர் இதய மரணம் ஆண்டுக்கு லட்சத்தில் 3.6 என்றிருந்தது, 2003-04இல் 0.4 ஆகக் குறைந்தது. எல்லா நாடும் இதைப் பின்பற்றவில்லை. நோய் இல்லாதவரின் ஈசிஜியும் சந்தேகமாக வந்து, ஆட்டம் பறிபோய், மாதக்கணக்கில் அலைய நேரிடும் என்ற வாதம் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சாட்ஸ் நடந்த குடும்பத்துக்கு இந்த விவாதம் பொருந்தாது. அவர்களுக்குச் சோதனை வேண்டுமா என்பதே கேள்வியல்ல. சிறு பிள்ளைகளுக்கு ஒருமுறை சுத்தமாக வந்தாலும் வளர்ந்து முடியும்வரை சில ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப எடுக்கச் சொல்வார்கள். பத்து வயதில் தெரியாத கோடு பதினாறில் தெரியலாம்.